உயர் அழுத்தக் கம்பியும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயும்

கம்பிக்குக் கீழே குடியிருந்தால் புற்றுநோய் வரும் என்ற பேச்சு நம் ஊர்களில் நெடுநாளாக உலவுகிறது. மனை பார்க்கப் போகிறவர், மேலே ஹை டென்ஷன் லைன் போவதைக் கண்டதும் விலைகூடக் கேட்காமல் திரும்பிவிடுகிறார். மின்வாரிய அதிகாரியிடம் கேட்டால், "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார். இரண்டு பேருமே கதையைப் பாதியோடு விட்டவர்கள். இந்த அச்சம் சும்மா கிளம்பிய வதந்தி அல்ல. அதற்குப் பிறந்த ஊரும் ஆண்டும் உண்டு. அதன் உண்மையைத் தேடி உலகெங்கும் ஆய்வாளர்கள் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்திருக்கிறார்கள். முழுக் கதையும் மக்களுக்குத் தெரியவேண்டும்.

அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரம். 1974-இல் நான்சி வெர்தைமர் என்ற ஆய்வாளர், ரத்தப் புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் முகவரிகளைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றத் தொடங்கினார். நோய் ஒரு தொற்றைப் போலச் சில பகுதிகளில் குவிகிறதா என்று பார்ப்பதே அவருடைய முதல் நோக்கம். அப்படி எதுவும் அகப்படவில்லை. ஆனால் வேறொன்று அவர் கண்ணை உறுத்தியது. அந்த வீடுகள் பலவற்றின் பக்கத்தில், கம்பத்தின்மேல் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது. எட் லீப்பர் என்ற இயற்பியலாளரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். 1950 முதல் 1973 வரை புற்றுநோயால் இறந்த 344 குழந்தைகளின் வீடுகளையும், ஒப்பிட்டுப் பார்க்க அதே அளவு மற்றக் குழந்தைகளின் வீடுகளையும் இருவரும் அலசினார்கள். அதிக மின்னோட்டம் பாயும் கம்பிகளுக்கு அருகில் வாழ்ந்த குழந்தைகள் ரத்தப் புற்றுநோயால் இறந்தது இரண்டு, மூன்று மடங்கு அதிகம் என்று 1979-இல் எழுதினார்கள்.

அவர்கள் பார்த்தது வயல்வெளியில் நடக்கும் ராட்சதக் கோபுரங்களை அல்ல. தெருவோரக் கம்பங்களையே பார்த்தார்கள். அதற்குக் காரணம் உண்டு. நம் தெருமுனையில் நிற்கும் 100 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துக்கொள்வோம். அதற்குள் நுழையும் 11,000 வோல்ட் கம்பியில், முழுச் சுமையிலும் ஐந்து ஆம்பியர் அளவுதான் ஓடுகிறது. வெளியே வந்து வீடுகளுக்குப் பிரியும் நானூற்றுச் சொச்ச வோல்ட் கம்பியிலோ 130 ஆம்பியருக்கு மேல் ஓடும். காந்தப்புலத்தை உண்டாக்குவது மின்னோட்டம். வோல்ட் எவ்வளவு என்பது அதற்குப் பொருட்டில்லை. ஆகவே நாம் அண்ணாந்து பார்த்து அஞ்சும் 11 கேவி (11,000 வோல்ட்) கம்பியைவிட, அதற்குக் கீழே வீட்டை ஒட்டிப் போகும் சாதாரணக் கம்பியைச் சுற்றித்தான் காந்தப்புலம் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. வெர்தைமரும் லீப்பரும் இதைச் சரியாகப் பிடித்தார்கள். கம்பியின் தடிமன், வீட்டிலிருந்து அதன் தூரம், டிரான்ஸ்ஃபார்மருக்கு எத்தனையாவது வீடு என்பதையெல்லாம் குறித்துக்கொண்டு, 'அதிக ஓட்டம்', 'குறைந்த ஓட்டம்' என்று வீடுகளைப் பிரித்தார்கள்.

பத்து ஆண்டுகள் இந்தப் பேச்சு ஆய்விதழ்களோடு நின்றது. 1988-இல் டேவிட் சாவிட்ஸ் அதே டென்வரில் தனியாக ஓர் ஆய்வு நடத்தி, தொடர்பு சற்று மங்கலாகவேனும் தெரிகிறது என்றார். அடுத்த ஆண்டு பால் பிராடர் என்ற பத்திரிகையாளர் 'நியூ யார்க்கர்' இதழில் தொடர் கட்டுரைகள் எழுதினார். பிறகு அது புத்தகமாகவும் வந்தது. மின் நிறுவனங்கள் உண்மையை மறைக்கின்றன என்பது அவருடைய குற்றச்சாட்டு. கல்நார் ஆபத்தை முன்பே எழுதிப் பெயர் பெற்றவர் என்பதால் மக்கள் நம்பினார்கள். பள்ளிக்கூடத்தை மாற்று, கம்பியைப் பூமிக்கடியில் புதை என்று பெற்றோர் ஊர் ஊராகப் போராடினார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் 1992-இல் சட்டம் இயற்றி ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கியது. குழந்தையின் உயிர் பற்றிய கேள்விக்குப் பெற்றோர் தெருவில் இறங்கிப் பதில் கேட்டதைக் குறைசொல்ல மாட்டேன்.

மின்கம்பியைச் சுற்றி மின்புலம், காந்தப்புலம் என்று இரண்டு உண்டு. மின்புலம் வோல்ட்டைப் பொறுத்தது. 400 கேவி லைனுக்குக் கீழே டியூப் லைட்டைக் கையில் பிடித்தால், எந்த இணைப்பும் இல்லாமல் அது மங்கலாக எரியும். 2004-இல் ரிச்சர்ட் பாக்ஸ் என்ற ஆங்கிலேயக் கலைஞர், பிரிஸ்டல் நகருக்கு அருகே உயர் அழுத்தக் கம்பிகளுக்குக் கீழே ஒரு வயலில் 1,301 டியூப் லைட்டுகளை நட்டு வைத்தார். இருட்டியதும் வயல் முழுக்க வெளிச்சம். நம் பக்கத்து வாட்ஸாப் குழுக்களில் இத்தகைய வீடியோவைப் பார்க்கிறவர்கள், டியூப் லைட்டே எரிகிறதென்றால் உடம்பு என்ன ஆகும் என்று கேட்பது நியாயமே. டியூப்புக்குள் இருக்கும் வாயு மிகச் சிறிய ஆற்றலிலேயே ஒளிரத் தொடங்கிவிடும். எரியவைப்பது அங்குள்ள மின்புலம். அதை ஒரு செங்கல் சுவர், ஒரு மரம், நம் தோல்கூடப் பெரும்பகுதி தடுத்துவிடும். காந்தப்புலம் அப்படியல்ல, சுவரையும் உடலையும் தாராளமாக ஊடுருவிப் போகும். ஆய்வாளர்களின் சந்தேகம் முழுக்கக் காந்தப்புலத்தின்மேல் விழுந்தது அதனால்தான்.

அதை அளக்கும் அலகு மைக்ரோடெஸ்லா. திசைகாட்டி முள்ளை வடக்கே திருப்பும் பூமியின் காந்தப்புலம் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 40 மைக்ரோடெஸ்லா. அது நிலையாக நிற்பது. மின்கம்பியினுடையது நொடிக்கு 50 முறை ஊசலாடுவது. 400 கேவி லைனுக்கு நேர் கீழே, பாயும் சுமையைப் பொறுத்து, சில மைக்ரோடெஸ்லாவிலிருந்து பத்து இருபதுவரை இருக்கும். மூன்று பேஸ் கம்பிகளின் புலங்கள் ஒன்றையொன்று பெரும்பாலும் கழித்துவிடுவதால் விலக விலக வேகமாகச் சரியும். நூறு மீட்டர் தள்ளிப்போனால் வீட்டுக்குள் எப்போதும் இருக்கும் அளவோடு கலந்துவிடும்.

1993-இல் ஸ்வீடனிலிருந்து வந்த ஆய்வு, சந்தேகத்துக்கு வலுவூட்டியது. மரியா ஃபைக்டிங், ஆண்டர்ஸ் ஆல்பம் இருவரும் 220, 400 கேவி லைன்களிலிருந்து 300 மீட்டருக்குள் வாழ்ந்த எல்லாரையும் பதிவேடுகளிலிருந்து எடுத்தார்கள். கம்பிகளில் அந்தந்த ஆண்டில் எவ்வளவு மின்சாரம் பாய்ந்தது என்ற பழைய கணக்கும் அந்த நாட்டில் பத்திரமாக இருந்தது. அதைக் கொண்டு ஒவ்வொரு வீட்டின் காந்தப்புலத்தையும் கணக்கிட்டார்கள். 0.2 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் இருந்த வீடுகளில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் 2.7 மடங்கு. திகிலூட்டும் எண்தான். ஆனால் நாடு முழுவதும், 25 ஆண்டுகளில், அந்தப் பகுதிகளில் நோய் கண்ட குழந்தைகள் 39 பேர். அவர்களில் 0.2-க்கு மேற்பட்ட வீடுகளில் இருந்தவர்கள் 7 பேர். நோயோ அரிது, அதிகப் புலமுள்ள வீடோ அதைவிட அரிது. ஆகவே எவ்வளவு பெரிய ஆய்வானாலும் கடைசி முடிவு விரல்விட்டு எண்ணக்கூடிய சில குழந்தைகளின் தலையில் நின்றது. இரண்டு மூன்று பேர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்ந்தால் முடிவே மாறிவிடும்.

இதோடு ஒரு புதிரும் சேர்ந்துகொண்டது. கம்பியை வெளியிலிருந்து பார்த்து வீடுகளைப் பிரித்த ஆய்வுகளில் நோயோடு தொடர்பு தெரிந்தது. அதே வீடுகளுக்குள் போய்க் கருவியால் காந்தப்புலத்தை அளந்தபோது தொடர்பு மங்கியது. காந்தப்புலம்தான் காரணம் என்றால் நேர்மாறாக அல்லவா இருக்கவேண்டும்!

விடை தேட, அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் பெரிய ஆய்வொன்றை எடுத்தது. மார்த்தா லினெட் தலைமையில், நோயுற்ற 638 குழந்தைகள், நோயற்ற 620 குழந்தைகள். ஒவ்வொரு குழந்தையின் படுக்கையறையிலும் 24 மணி நேரம் கருவி வைத்து அளந்தார்கள். வெர்தைமர் வீடுகளைத் தரம் பிரித்தபோது எது நோயுற்ற குழந்தையின் வீடு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நல்லெண்ணமுள்ள ஆய்வாளரையும் அந்த அறிவு தன்னையறியாமல் ஒரு பக்கம் சாய்த்துவிடும். இம்முறை தரம் பிரித்தவர்களுக்கு அது தெரியாதபடி பார்த்துக்கொண்டார்கள். 1997-இல் வந்த முடிவில், நம்பத்தகுந்த தொடர்பு எதுவும் தெரியவில்லை. கம்பி வகையோடும் இல்லை, அளந்த புலத்தோடும் இல்லை.

அப்படியானால் பழைய ஆய்வுகளில் தெரிந்தது எப்படி? ஒரு விளக்கம் எனக்கு வலுவாகப் படுகிறது. நோயுற்ற குழந்தையின் பெற்றோர் எப்படிப்பட்டவரானாலும் ஆய்வுக்கு ஒத்துழைக்கிறார்கள். நோயற்ற குழந்தையின் வீட்டுக் கதவைத் தட்டும்போது, வசதியான, ஓரிடத்தில் நிலைத்து வாழும் குடும்பங்கள்தான் பெரும்பாலும் சம்மதிக்கின்றன. கம்பிகள் நெருங்கிய பழைய தெருக்களில் வாடகைக்கு இருக்கும் ஏழைக் குடும்பங்கள் விலகிவிடுகின்றன. ஒப்பிடும் கூட்டத்திலிருந்து அவர்கள் விடுபட்டதும், கம்பிக்கு அருகில் நோய் அதிகம் என்ற தோற்றம் தானாக வந்துவிடும்.

ஆனாலும் முழுதாக முடிந்துவிடவில்லை. 2000-இல் ஆல்பம் தலைமையில் ஒன்பது ஆய்வுகளின் மூலத் தரவுகளை ஒன்றுசேர்த்தார்கள். நோயுற்றவர்கள் 3,200-க்கும் மேல், ஒப்பிடப்பட்டவர்கள் 10,000-க்கும் மேல். 0.4 மைக்ரோடெஸ்லாவுக்குக் கீழே இருந்த 99 சதவீதத்துக்கும் அதிகமான குழந்தைகளுக்கு எந்தக் கூடுதல் அபாயமும் இல்லை. அதற்கு மேலே இருந்த 0.8 சதவீதக் குழந்தைகளுக்கு இரண்டு மடங்கு. இத்தகைய முடிவுகளை முக்கிய ஆதாரமாக வைத்துத்தான் 2002-இல், உலக சுகாதார நிறுவனத்தின் அங்கமான சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மின்கம்பிகளின் காந்தப்புலத்தை '2பி' பட்டியலில் சேர்த்தது. 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்பதற்குச் சிறிதளவு சான்று உண்டு. போதுமானதாக இல்லை' என்பது அந்தப் பட்டியலின் பொருள். முழுக் கற்றாழை இலையின் சாறும் அதே பட்டியலில் இருக்கிறது. 'உலக சுகாதார நிறுவனமே புற்றுநோய்க் காரணி என்று அறிவித்துவிட்டது' என்று பரப்புகிறவர்கள் இந்த விளக்கத்தை விட்டுவிடுகிறார்கள்.

சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவியவர்களில் முதன்மையானவர் ரிச்சர்ட் டால். அவர் தலைமை வகித்த பிரிட்டிஷ் ஆலோசனைக் குழு 2001-இல் எடுத்த நிலை எனக்குச் சரியாகத் தோன்றுகிறது. சோதனைக்கூடத்தில் இதற்கு நல்ல ஆதாரம் இல்லை. பெரியவர்களுக்குப் பொதுவாகப் புற்றுநோய் வரும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. நீண்ட நாள் அதிகப் புலத்தில் வாழும் குழந்தைகளுக்குச் சிறு அபாயம் இருக்கக்கூடும் என்ற சாத்தியத்தை மட்டும் தள்ள முடியவில்லை. அவ்வளவுதான்.

இயற்பியலாளர்கள் தொடக்கத்திலிருந்தே தலையசைக்க மறுத்தார்கள். எக்ஸ்-ரே செல்லின் மரபுப் பொருளை உடைத்துப் புற்றுநோய் உண்டாக்க முடிகிறதென்றால், அதன் ஒவ்வொரு ஒளித்துகளும் வேதிப் பிணைப்பை அறுக்கும் ஆற்றல் கொண்டது என்பதே காரணம். 50 ஹெர்ட்ஸ் அதிர்வின் துகளாற்றல் அந்தப் பிணைப்பை அறுக்கத் தேவையானதைவிடச் சுமார் பத்து லட்சம் கோடி மடங்கு குறைவு. வேறு வழியில் தீங்கு செய்யலாம் அல்லவா? மாறும் காந்தப்புலம் உடலுக்குள் மின்னோட்டத்தைத் தூண்டும் என்பது உண்மை. ஆனால் 0.4 மைக்ரோடெஸ்லா தூண்டும் ஓட்டம், நம் இதயமும் நரம்புகளும் தாமே உண்டாக்கும் ஓட்டங்களுக்கு முன் மிகச் சிறியது. அமெரிக்காவில் எலிகளை இரண்டு ஆண்டுகள் 1,000 மைக்ரோடெஸ்லாவரை வைத்துப் பார்த்தார்கள். ரத்தப் புற்றுநோய் கூடவில்லை. புலம் ஆயிரக்கணக்கான மைக்ரோடெஸ்லாவுக்கு ஏறினால் கண்ணுக்குள் மினுக்கொளி தோன்றும், இன்னும் ஏறினால் நரம்புகள் துடிக்கும். பொதுமக்களுக்கு 200 மைக்ரோடெஸ்லா என்ற பன்னாட்டு வரம்பு இந்த விளைவுகளைத் தவிர்ப்பதற்காக வைக்கப்பட்டது.

செயல்முறை தெரியவில்லை என்பதாலேயே விளைவு இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. புகையிலை எப்படிக் கொல்கிறது என்று முழுதாகப் புரியும் முன்பே அது கொல்கிறது என்று டால் நிறுவினார். ஆகவே கடைசித் தீர்ப்பு மக்களிடையே நடந்த ஆய்வுகளிலிருந்துதான் வரவேண்டும். அது பிரிட்டனிலிருந்து வந்தது.

2005-இல் ஜெரால்ட் டிரேப்பரும் குழுவினரும் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் புற்றுநோய் கண்ட 29,081 குழந்தைகளின் பிறந்த முகவரிகளைக் கணக்கெடுத்தார்கள். அவர்களில் ரத்தப் புற்றுநோய் கண்டவர்கள் 9,700 பேர். உயர் அழுத்த லைனிலிருந்து 200 மீட்டருக்குள் பிறந்தவர்களுக்கு ரத்தப் புற்றுநோய் 1.69 மடங்கு என்று வந்தது, செய்தித்தாள்கள் அலறின. ஆனால் 200 முதல் 600 மீட்டர் வரையிலும் 1.23 மடங்கு இருந்தது. அந்தத் தூரத்தில் லைனின் காந்தப்புலம் ஏறத்தாழ இல்லவே இல்லை. இல்லாத புலம் எப்படி நோய் தரும்? 2014-இல் கேத்ரின் பன்ச் குழுவினர் அதே தரவைப் புதிய ஆண்டுகளையும் சேர்த்துப் பத்தாண்டு பத்தாண்டாகப் பிரித்தார்கள். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பிறந்தவர்களிடம் மட்டும் அந்த உயர்வு இருந்தது. எண்பதுகளுக்குப் பிறகு பிறந்தவர்களிடம் காணோம். அந்தக் கம்பிகள் எங்கும் போய்விடவில்லை. அவற்றில் பாயும் மின்சாரத்தின் இயல்பும் மாறவில்லை. லைன்களுக்கு அருகே குடியிருந்த மக்களோ, அந்தப் பகுதிகளின் வாழ்நிலையோதான் மாறியிருக்கவேண்டும். இந்தக் கதை முழுவதிலும் என் ஐயத்தை நீக்கியது இந்த ஓர் ஆய்வுதான். 2022-இல் அண்மைக் கால ஆய்வுகளை ஒன்றுசேர்த்த தொகுப்பிலும், 0.4-க்கு மேல் இருந்த குழந்தைகளிடம் பழைய இரண்டு மடங்கு தென்படவில்லை.

ஒருவேளை அந்த இரண்டு மடங்கு உண்மையென்றே வைத்துக்கொண்டாலும், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் மேலைநாடுகளில் ஆண்டுக்கு லட்சத்தில் நான்கைந்து பேருக்கு வருவது. அது லட்சத்தில் எட்டு, பத்து ஆகும். அதுவும் நூறில் ஒரு வீட்டுக்கும் குறைவான இடங்களில்.

இன்னமும் மனம் கேட்கவில்லை என்பவர்களுக்கு: போனில் செயலியை இறக்கி அளந்து பார்க்காதீர்கள். அது காட்டும் 40 மைக்ரோடெஸ்லா பெரும்பாலும் பூமியினுடையது; 50 ஹெர்ட்ஸ் அதிர்வை ஒழுங்காகப் பிரித்தறியும் உணரி போனில் இல்லை. அதற்கென உள்ள கருவி வேறு. அதைக் கொண்டு வீட்டைச் சுற்றினால், ஹேர் டிரையருக்கு ஒட்டினாற்போல் நூற்றுக்கணக்கில்கூட ஏறும். ஒரு முழம் தள்ளினால் சரிந்துவிடும். அயர்ன் பாக்ஸ் ஒட்டினாற்போல் பத்து முப்பது காட்டும், ஓரடி தள்ளினால் ஒன்றுகூட இருக்காது. ஈபி மீட்டரும் மெயின் போர்டும் உள்ள சுவரின் மறுபக்கம் குழந்தையின் கட்டில் இருந்தால், ஒரு மீட்டர் நகர்த்திப் போடுங்கள். செலவில்லாத காரியம், மனநிம்மதியும் கிடைக்கும்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி கொங்கு மண்டலத்தில் உரக்க எழுந்தது. 2018-ஆம் ஆண்டின் இறுதியில் திருப்பூர், ஈரோடு, கோவை வட்டார விவசாயிகள் விளைநிலங்களில் உயர்மின் கோபுரங்கள் அமைப்பதை எதிர்த்து உண்ணாவிரதம் இருந்தார்கள். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூருக்கு 6,000 மெகாவாட் கொண்டுவரும் 800 கேவி லைன் அவற்றில் முக்கியமானது. அது நேர்மின்னோட்டத்தில் இயங்குவது. அதன் காந்தப்புலம் பூமியினுடையதைப் போல நிலையானது. நொடிக்கு 50 முறை ஊசலாடும் புலத்தைப் பற்றிய ஆய்வுகள் அதற்குப் பொருந்தவே பொருந்தா. இந்த விவரத்தை அந்த ஊர்களில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லியிருக்கவேண்டும்.

விவசாயியின் குறை நியாயமானது. அதற்குப் புற்றுநோயின் துணை தேவையில்லை. பட்டா அவர் பெயரில் இருக்கும். ஆனால் 400 கேவி லைன் என்றால் சுமார் 46 மீட்டர் அகலத்துக்குத் தென்னை வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது, விற்கப்போனால் விலை போகாது. 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தைக் காட்டி நிலத்தைக் கையகப்படுத்தாமலே கோபுரம் நட்டார்கள். கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பி போகும் பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதம் என்பது 2015-இல் மத்திய அரசு சொன்ன கணக்கு. 2024-இல் அதை 200, 30 என்று உயர்த்தினார்கள். பழைய கணக்கு போதாது என்று அரசே ஒப்புக்கொண்டதாகத்தான் இதை எடுத்துக்கொள்ளவேண்டும்.

கம்பிகள் உயிர் குடிப்பது உண்மை. 2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேரின் அலங்காரம் உயர் அழுத்தக் கம்பியில் பட்டு, குழந்தைகள் உட்பட 11 பேர் இறந்தார்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி இந்தியாவில் மின்சாரம் பாய்ந்து இறப்பவர்கள் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல். இதற்கு ஆய்வு தேவையில்லை. காரணம் தெரியும், மருந்தும் தெரியும். மொட்டைமாடி கட்டும் முன் கம்பி எவ்வளவு தூரத்தில் போகிறது என்று பாருங்கள். அலுமினிய ஏணியையும் கொடிக்கம்பத்தையும் கம்பிக்கு அருகில் நிமிர்த்தாதீர்கள். வீட்டு மெயினில் ஆர்.சி.டி. எனப்படும் உயிர்காக்கும் சாதனத்தைப் பொருத்துங்கள். மின்வாரியம் தன் பங்குக்குக் குடியிருப்புகளை ஒட்டிப் போகும் லைன்களின் கீழே காந்தப்புலத்தை அளந்து, ஊர்ப் பெயரோடு வெளியிடட்டும். "ஒன்றுமில்லை" என்ற சொல்லை அப்போது மக்கள் நம்புவார்கள். உங்கள் தெருவில் தொய்ந்து கிடக்கும் கம்பியையோ சாய்ந்த கம்பத்தையோ பார்த்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்குச் சொல்லுங்கள்: 94987 94987. எந்நேரமும் எடுப்பார்கள்.